சி-சாட் பத்திக் கேள்வியில் தப்பான ஆப்ஷனே விழுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வோம்

சிவில் சர்வீஸ் தேர்வுக்காக தில்லியின் ஓல்ட் ராஜிந்தர் நகரிலும் கரோல் பாக்கிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பல பேருக்கு முதல்நிலைத் தேர்வின் முதல் தாளான பொது அறிவைப் பற்றிக் கவலை இல்லை, மதியம் இரண்டரை மணிக்கு ஆரம்பிக்கும் இரண்டாம் தாளான சி-சாட்டை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. 2015-லிருந்து அது தகுதித் தாள்தான், 33 சதவீதம் எடுத்தால் போதும், ஆனால் அந்த 33 வராமல் முதல் தாளில் நல்ல மார்க் வாங்கியும் வீட்டுக்குத் திரும்பியவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். நானே ஒரு முறை அப்படி நின்றவன். இப்போது தில்லியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு தம்பி தங்கைகளோடு உட்கார்ந்து, ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை சொல்லும் பத்திக் கேள்விகளை மட்டும் அலசுவது வழக்கமாகிவிட்டது. ஆள் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை, திரும்பத் திரும்ப அதே ஆறேழுதான் வருகிறது. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதை மட்டும் படித்தால் போதும்.

எந்த அறிகுறி என்று தெரியவில்லையா? முதலில் இதைச் செய்யுங்கள்

தேர்வை நடத்தும் யூ.பி.எஸ்.சி.யின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு வருஷத்துத் தாளை எடுத்து, பத்திக் கேள்விகளை மட்டும் நேரம் வைத்துப் போடுங்கள். தப்பான ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: நீங்கள் எடுத்த ஆப்ஷன் எது, அதை ஏன் எடுத்தீர்கள், அதில் எந்தச் சொல் அதைத் தப்பாக்குகிறது. மூன்றாவதுதான் முக்கியம். சரியான விடை ஏன் சரி என்று எழுத வேண்டாம், அதை யாரும் விளக்கிவிடுவார்கள். விடைக்குறிப்பு யூ.பி.எஸ்.சி. வெளியிட்டதாகவே இருக்கட்டும், சந்தையில் கிடைக்கும் புத்தகங்கள் சில கேள்விகளுக்கு ஒன்றுக்கொன்று வேறு விடை தருகின்றன, அதை நம்பி உங்கள் மூளையைப் பழக்கினால் பிறகு திருத்துவது கஷ்டம்.

முப்பது தப்பு சேர்ந்ததும் 'ஏன் எடுத்தேன்' என்ற இரண்டாவது விஷயத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ஒரே காரணம் பத்துப் பன்னிரண்டு தடவை வந்திருக்கும். அதுதான் உங்கள் அறிகுறி.

கூடவே இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 80 கேள்வி, 200 மார்க், ஒரு சரிக்கு 2.5, ஒரு தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.83 போகும். தேவை 66. ஒரு தப்பும் இல்லையென்றால் 27 சரி போதும், பதினைந்து தப்பு என்றால் 32 சரி வேண்டும். நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் நீண்ட கால லாபம் சரியாகப் பூஜ்யம். ஒன்றை உறுதியாக நீக்கினால் கொஞ்சம் லாபம், இரண்டை நீக்கினால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 0.83 லாபம். பத்திக் கேள்விகள் தாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருகின்றன. கணக்கில் பலவீனமானவருக்குக் கரையேற இதுதான் வழி, 2023 தாளில் கணக்குப் பகுதி எவ்வளவு கடுமையாக இருந்தது என்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

அறிகுறி 1: கடைசி இரண்டு ஆப்ஷன் வரை சரியாக வருகிறேன், அப்புறம் தப்பானதை எடுத்துவிடுகிறேன்

பத்துப் பேரில் ஆறேழு பேர் இதைத்தான் சொல்வார்கள். காரணங்களை எளிதிலிருந்து பார்ப்போம்.

*கேள்வி என்ன கேட்டது என்று பார்க்கவில்லை.* சி-சாட்டில் கேள்வி வரி பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கேட்பது வேறு வேறு. க்ரக்ஸ் என்றால் பத்தி முழுவதும் எதைச் சொல்ல எழுதப்பட்டது என்பது. இன்ஃபரன்ஸ் என்றால் பத்தி உண்மை என்று வைத்துக்கொண்டால் இதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பது. அஸம்ஷன் என்றால் எழுதியவர் சொல்லாமலே நம்பிக்கொண்டிருப்பது. பத்தியில் அப்படியே இருக்கும் ஒரு வரி க்ரக்ஸ் கேள்விக்குத் தப்பாக இருக்கலாம், ஏனென்றால் அது ஒரு சின்ன விவரம் மட்டும்.

சோதனை: ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு, "இப்போ என்கிட்ட என்ன கேக்குறாங்க?" என்று தமிழில் ஒரு வரி சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் கோளாறு இங்கேதான், மேலே போக வேண்டாம். இரண்டு வாரம் இதை மட்டும் செய்தால் சரியாகிவிடும்.

*சின்னச் சொல்லைத் தவறவிடுகிறீர்கள்.* இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் தமிழில் யோசிப்பவர்களுக்கு இது தனிக் கோளாறு, இந்திக்காரப் பயிற்சியாளர் இதைச் சொல்லித்தர மாட்டார்.

ஆங்கிலத்தில் ஒன்லி, ஈவன், ஆல்சோ என்று தனித்தனிச் சொல்லாக நிற்பவை நம் மொழியில் விகுதியாக ஒட்டிக்கொள்கின்றன. பெய்தால், பெய்தால்தான், பெய்தாலும், பெய்தாலே. நான்கும் நான்கு அர்த்தம், வித்தியாசம் வாலில் மட்டும். "மழை பெய்தால் விளையும்" என்பதில் மழை வந்தால் விளைச்சல் உறுதி, ஆனால் கிணற்றுத் தண்ணீரிலும் விளையலாம். "மழை பெய்தால்தான் விளையும்" என்பதில் மழை இல்லாவிட்டால் கிடையாது, ஆனால் மழை மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை, உரமும் வேண்டியிருக்கலாம். நாம் ஆங்கிலப் பத்தியை மனதுக்குள் வேகமாகத் தமிழாக்கும்போது பெரிய சொற்கள் வந்துவிடும், இந்த வால் மட்டும் அறுந்து விழுந்துவிடும். தேர்வு வைப்பவர் பொறி வைப்பதும் அதே இடத்தில்தான்.

நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காக எழுதிய ஒரு பத்தியைத் தமிழிலேயே தருகிறேன்:

"தெருவோர வியாபாரிகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் திட்டங்கள் பலருடைய வருமானத்தை உயர்த்தியிருக்கின்றன. ஆனால் கடை போட நிலையான இடம் இல்லாதவர்கள் அந்தக் கடனை அன்றாடச் செலவுக்கே பயன்படுத்திவிடுகிறார்கள். இடத்துக்கு உத்தரவாதமும் சேர்ந்தால்தான் அவர்களிடம் கடன் முதலீடாக மாறும்."

இதன் க்ரக்ஸ் எது?

அ) சிறுகடன் திட்டங்கள் தோல்வியடைந்துவிட்டன.
ஆ) நிலையான இடம் கொடுத்தாலே வியாபாரிகளின் வருமானம் உயரும்.
இ) நிலையான இடமில்லாத வியாபாரிகளுக்குக் கடன் முதலீடாக மாற, இட உத்தரவாதமும் தேவை.
ஈ) தெருவோர வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்குவது அரசின் கடமை.

'அ' உடனே போய்விடும், பத்தியின் முதல் வரியே அதை மறுக்கிறது. எங்கள் குழுவில் ஆறு பேர் இதைப் போட்டார்கள், மூன்று பேர் 'ஆ', இரண்டு பேர் 'இ', ஒருவர் 'ஈ'. 'ஆ' எடுத்த தம்பியிடம் பத்தியின் கடைசி வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "சேர்ந்தால்தான்" என்று படித்தார். ஆப்ஷனைப் படிக்கச் சொன்னேன். "கொடுத்தாலே" என்று படித்துவிட்டு நிறுத்தினார், நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்தி இடத்தைத் தேவை என்றது, ஆப்ஷன் அதைப் போதும் என்று மாற்றிவிட்டது. இந்த ஒரு மாற்றம் சி-சாட் பத்திகளில் எத்தனை வேஷம் போட்டு வரும் என்று எண்ணிப் பாருங்கள், பழைய தாளில் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

நோட்டின் பின்பக்கத்தில் இந்தச் சின்னச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இஃப் என்றால் 'ஆல்'. ஒன்லி இஃப் என்றால் 'ஆல்தான்'. ஈவன் இஃப் என்றால் 'ஆலும்'. அன்லெஸ் என்றால் 'ஆவிட்டால்'. மே என்றால் 'லாம்', 'கூடும்'. மஸ்ட் என்றால் 'வேண்டும்', 'இருந்தே தீரும்'. எ ஃபியூ என்றால் சிலர், வெறும் ஃபியூ என்றால் மிகச் சிலரே, ஏறக்குறைய யாரும் இல்லை என்கிற தொனி.

இதில் ஒரு சொல் மட்டும் தமிழில் நம்மைக் கவிழ்த்துவிடும்: நாட் ஆல். "நாட் ஆல் ஃபார்மர்ஸ்" என்று வந்தால் மனது உடனே "எல்லா விவசாயிகளும் பயன்பெறவில்லை" என்று ஆக்கிக்கொள்ளும். இந்தத் தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. "எல்லாரும் வரல" என்று கல்யாண வீட்டில் சொன்னால், ஒருத்தர்கூட வரவில்லையா, சிலர் வந்து சிலர் வரவில்லையா? தொனியை வைத்துத்தான் புரிந்துகொள்வோம், தாளில் தொனி கிடையாது. ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் ஒன்றுதான்: சிலர் பெறவில்லை. அதனால் நாட் ஆல் கண்ணில் பட்டால் "சிலருக்குக் கிடைக்கவில்லை" என்றே மாற்றிக்கொள்ளுங்கள், 'எல்லா' என்ற சொல்லையே தொடாதீர்கள்.

சோதனை: உங்கள் நோட்டில் இருக்கும் தப்புகளில் எத்தனை இந்தப் பட்டியலில் அடங்குகின்றன என்று எண்ணுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் மூன்று வாரத்துக்குப் புதிதாகக் கேள்வி போடுவதை நிறுத்திவிட்டு, பழைய பத்திகளில் இந்தச் சொற்களைச் சுற்றி வட்டம் மட்டும் போடுங்கள். ஒன்று கவனம்: வட்டம், அடிக்கோடு எல்லாம் பயிற்சியில் மட்டும். வினாத்தாள் கையேட்டில் ரோல் நம்பரைத் தவிர எதுவும் எழுதக் கூடாது என்று தாளின் முகப்பிலேயே போட்டிருக்கிறது. ஹாலில் மூடி போட்ட பேனா முனையைச் சொல்லுக்குக் கீழே நகர்த்திக்கொண்டே படியுங்கள், அதே வேலை நடக்கும்.

*ஆப்ஷன் சொல்லும் கருத்து உங்களுக்குப் பிடித்திருக்கிறது.* மேலே 'ஈ' எடுத்தவரின் கோளாறு இது. அரசின் கடமை என்பது நல்ல எண்ணம், அடுத்த கட்டமான மெயின்ஸ் தேர்வின் பதிலில் எழுதினால் மார்க் கிடைக்கும். பத்தியில் அரசு என்ற சொல்லே இல்லை. சிவில் சர்வீஸுக்கு வருபவர்கள் மனசு நியாயத்தின் பக்கம் சாய்வது இயல்பு, அதனால் 'வேண்டும்', 'கடமை', 'அவசியம்' என்று முடியும் ஆப்ஷனைப் பார்த்தால் பத்தியில் யாராவது அப்படிப் பரிந்துரைத்தார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நிலைமையை விவரித்துவிட்டு நின்றுபோன பத்திக்குப் பரிந்துரை ஆப்ஷன் பெரும்பாலும் பொருந்தாது.

*எப்போது ஆள் தேட வேண்டும்:* முப்பது தப்பையும் திரும்பப் பார்த்த பிறகும் "நான் எடுத்ததும் சரிதானே?" என்று பத்துக்கு மேல் தோன்றினால். அதற்கும் காசு கொடுத்து வகுப்பு வேண்டாம், தேறிய ஒரு சீனியரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நீங்கள் வாதாடுங்கள், அவர் மறுக்கட்டும்.

அறிகுறி 2: பத்தி எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தால்தான் தப்பு அதிகம்

கேட்டால் விசித்திரமாக இருக்கும், ஆனால் நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் இது வரும். காலையில் முதல் தாள், அதில் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வருகிறோம், மதியமும் அதே மூளை. சுற்றுச்சூழல், விவசாயம், ஜனநாயகம் என்று பத்தி வந்ததும் மூன்று வருஷம் படித்த குறிப்புகள் முன்னால் வந்து நின்றுகொள்ளும்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கைக்கு நடந்தது. சிறுதானியம் குறைந்த தண்ணீரில் விளையும், சரியான சந்தை இல்லாததால் விவசாயிகள் அதைக் கைவிட்டார்கள் என்று ஒரு பத்தி. அவர் எடுத்த விடை, சிறுதானியம் அரிசியைவிடச் சத்து மிகுந்தது என்பது. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததால் அந்த வருஷம் முழுக்க அவர் அதைப் பற்றியே படித்திருந்தார்.

"அண்ணா, ஆனா இது உண்மைதானே?"

"உண்மைதான்மா. எந்த வரியில இருக்கு?"

விரலை வைத்துத் தேடினார், இல்லை.

சோதனையும் மருந்தும் அதுதான்: எடுத்த விடைக்கு ஆதாரமான வரியின் மேல் விரலை வைக்க வேண்டும். இன்ஃபரன்ஸ் கேள்வி என்றால் இரண்டு வரியின் மேல் இரண்டு விரல். வைக்க இடமில்லை என்றால் அந்த விடை உங்கள் குறிப்பேட்டிலிருந்து வந்தது. வீட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் விரல் வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு மாதம் பழகிய பிறகு ஹாலில் தானாக வரும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு, பத்தி சொல்வது உங்களுக்குத் தப்பாகத் தோன்றும், அதனால் பத்தியோடு ஒத்துப்போகும் ஆப்ஷனை விட்டுவிடுவீர்கள். சில பத்திகளில் ஒருதலைப்பட்சமான கருத்தும் வரும். அந்த ஒன்றரை நிமிஷத்துக்கு எழுதியவர் சொன்னதே உலகம். இந்தக் கோளாறுக்கு வெளியாள் தேவையில்லை.

அறிகுறி 3: மற்றதெல்லாம் வருகிறது, அஸம்ஷன் கேள்வி மட்டும் சுற்றி அடிக்கிறது

முதல் காரணம், பத்தியில் எழுதியிருப்பதையே அஸம்ஷன் என்று எடுப்பது. எழுதிவிட்டால் அது அஸம்ஷன் இல்லை, நீக்கிவிடுங்கள். அடுத்த காரணம், பத்தியிலிருந்து பிறகு கிடைப்பதை எடுப்பது. அது இன்ஃபரன்ஸ். வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அஸம்ஷன் அஸ்திவாரம், இன்ஃபரன்ஸ் மேல்மாடி. அஸ்திவாரத்தை உருவினால் வீடு விழும்.

உருவிப் பார்ப்பதுதான் சோதனை. "நகரப் பேருந்துகளை இரட்டிப்பாக்கினால் சாலை நெரிசல் குறையும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று ஆப்ஷன் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சொந்த வண்டி ஓட்டுபவர்களில் ஒரு பகுதியினராவது பேருந்துக்கு மாறுவார்கள். இதை மறுத்துப் பாருங்கள்: ஒருவர்கூட மாற மாட்டார். அப்போது சாலையில் இருக்கும் வண்டியோடு பேருந்தும் சேரும், நெரிசல் எப்படிக் குறையும்? வாதம் விழுந்துவிட்டது, ஆகவே இது அஸம்ஷன்.

பேருந்துக் கட்டணம் மெட்ரோவைவிடக் குறைவு. மறுத்துப் பாருங்கள்: குறைவில்லை. வாதம் அப்படியே நிற்கிறது. அஸம்ஷன் இல்லை.

நெரிசலுக்குச் சொந்த வண்டிகள் மட்டுமே காரணம். இதில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். மறுக்கும்போது "சொந்த வண்டிகள் காரணமே இல்லை" என்று மறுத்துவிடுகிறார்கள், வாதம் விழுந்த மாதிரி தெரிகிறது. சரியான மறுப்பு "மட்டுமே காரணம் அல்ல, வேறு காரணமும் உண்டு". பள்ளம் விழுந்த சாலையும் மெட்ரோ வேலையும்கூட நெரிசலுக்குக் காரணமாக இருக்கட்டும், வண்டி குறைந்தால் நெரிசல் கொஞ்சமாவது குறையும்தானே? வாதம் நிற்கிறது. ஆகவே இதுவும் அஸம்ஷன் இல்லை, தேவைக்கு மேல் பலமாகச் சொல்லப்பட்ட ஒன்று.

மறுப்பதைத் தனியாகப் பழகுங்கள். 'எல்லாரும்' என்பதற்கு மறுப்பு 'சிலராவது இல்லை'. 'சிலர்' என்பதற்கு மறுப்பு 'ஒருவர்கூட இல்லை'. 'மட்டுமே' என்பதற்கு 'வேறும் உண்டு'. 'எப்போதும்' என்பதற்கு 'சில நேரம் இல்லை'. மெட்ரோவில் நின்றுகொண்டு போகும்போது விளம்பரப் பலகை வாசகங்களை மறுத்துக்கொண்டே போகச் சொல்வேன், கரோல் பாக்கில் ஏறி துவாரகா போவதற்குள் நல்ல பயிற்சி கிடைத்துவிடும்.

அறிகுறி 4: '1 மட்டும், 2 மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை' என்று வந்தால் குழப்பம்

சுருக்கமாகச் சொல்கிறேன். கீழே இருக்கும் நான்கு ஆப்ஷனை முதலில் பார்க்கவே கூடாது. ஒன்றாவது கூற்றை எடுத்து, ஆம் அல்லது இல்லை என்று முடிவு செய்து மனதில் வைத்துவிட்டு, இரண்டாவதை முதலாவது இல்லாத மாதிரி பாருங்கள். பலர் 'இரண்டும் இல்லை' என்ற விடைக்குப் பயப்படுகிறார்கள், இவ்வளவு கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்பார்களா என்று. அந்த விடையும் வரத்தான் செய்யும். இரண்டு கூற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் உறுதி என்றால் இரண்டு ஆப்ஷன் நீங்கிவிட்டது என்று அர்த்தம், மேலே சொன்ன கணக்குப்படி அதை விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி 5: புரிகிறது, ஆனால் நேரம் போதவில்லை. ஒரே பத்தியை மூன்று தடவை படிக்கிறேன்

செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

*வெளிச்சமும் கண்ணும்.* இதைச் சிரித்துக்கொண்டே தள்ளிவிடாதீர்கள். ஜன்னல் இல்லாத அறை, ராத்திரி பத்து மணி வரை லைப்ரரியின் ட்யூப்லைட், மீதி நேரம் மொபைலில் பி.டி.எஃப். எங்கள் குழுவில் ஒரு தம்பி ஆறு மாதம் ரீடிங் ஸ்பீடு ரீடிங் ஸ்பீடு என்று தவித்தார், கடைசியில் கண்ணைச் சோதித்தால் பவர் இருந்தது. கண்ணாடி போட்டதும் வரி தாவுவது நின்றது. நேரப் பிரச்சினை என்று சொல்லும் யாரையும் நான் முதலில் கண் மருத்துவரிடம்தான் அனுப்புகிறேன்.

*பத்தி முழுவதையும் தமிழாக்குகிறீர்கள்.* சோதனை: ஒரு பத்தியைப் படிக்கும்போது உதடோ மனசோ தமிழில் வாக்கியம் அமைக்கிறதா என்று கவனியுங்கள். முழுதாக அமைத்தால் படிக்கும் நேரம் இரட்டிப்பாகும். இதற்காகத் தமிழைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அதை எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் விஷயம். பத்தியை ஆங்கிலத்திலேயே படியுங்கள், முடித்ததும் "இவர் என்ன சொல்ல வர்றார்?" என்று தமிழில் ஒரே ஒரு வரி. சின்னச் சொற்களுக்கு மட்டும் விகுதி. அவ்வளவுதான் தமிழாக்கம்.

*வாக்கிய அமைப்பு இடறுகிறது.* தமிழில் வினை கடைசியில் வரும், அதனால் கடைசி வரை காத்திருந்து பொருள் கொள்வது நம் பழக்கம். ஆங்கிலத்தில் யார் என்ன செய்தார் என்பது பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும், அதற்குப் பிறகு விச், ஹூ, தட் என்று வால் நீண்டுகொண்டே போகும். நாம் வாலின் முடிவில் முக்கியமான விஷயம் இருக்கும் என்று காத்திருந்து, அங்கே போனதும் தலையை மறந்து, திரும்ப ஆரம்பத்துக்கு வருகிறோம். மூன்று தடவை படிப்பது இதனால்தான். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் தினமும் ஐந்து நீண்ட வாக்கியம் எடுத்து, எழுவாயையும் அதன் வினையையும் மட்டும் எழுதுங்கள். 'கமிட்டி பரிந்துரைத்தது', 'விலை உயர்ந்தது', இவ்வளவுதான். நாற்பது நாள் செய்தால் கண் தானாகத் தலையைப் பிடித்துக்கொள்ளும்.

*சொல்வளம்.* இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் முதலில் இங்கேதான் ஓடுகிறார்கள், சொல் பட்டியல் புத்தகம் வாங்கி இரண்டு மாதம் மனப்பாடம் செய்கிறார்கள். சி-சாட் பத்திகளில் அபூர்வச் சொல் அதிகம் வருவதில்லை. உங்கள் நோட்டில் 'சொல் தெரியாததால் தப்பு' என்று எத்தனை இருக்கிறது என்று பாருங்கள், முப்பதில் நாலைந்து இருந்தால் அந்த நாலைந்தை மட்டும் படியுங்கள்.

*எப்போது நிபுணர்:* ஒரு தமிழ்க் கட்டுரையை எடுத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். தமிழில் சரளமாகப் போகிறது, ஆங்கிலத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால் அது பயிற்சியால் தீரும். கண் பரிசோதனையும் முடிந்து, தமிழிலும் சின்ன வயதிலிருந்தே எழுத்து மாறுவதும் வரி தாவுவதும் இருந்தால் அது சோம்பேறித்தனம் கிடையாது, பயிற்சி வகுப்பால் தீரக்கூடியதும் கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். இருபத்தைந்து வயதில் முதல் முறையாக டிஸ்லெக்ஸியா என்று தெரிந்துகொள்பவர்களும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி 6: அறையில் நன்றாக வருகிறது, ஹாலில் மட்டும் கவிழ்கிறது

முதலில் நேரத்தைப் பாருங்கள். காலை 9.30 முதல் 11.30 வரை முதல் தாள், மதியம் 2.30 முதல் 4.30 வரை சி-சாட். தில்லியின் மே, ஜூன் வெயிலில் நடுவில் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பள்ளிக்கூட வாசல் மரத்தடியில் நின்று பார்த்திருக்கிறேன்: காலைத் தாளின் விடைகளை ஒருவருக்கொருவர் ஒப்பிட்டு, நாலு தப்பு என்று தெரிந்ததும் முகம் செத்துப்போய், பிறகு எதிர்க் கடையில் இரண்டு பட்டூரா சாப்பிட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். அறையில் நீங்கள் மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, போட்டது எத்தனை மணிக்கு? காலை ஏழு மணிக்கு, குளித்து காபி குடித்துவிட்டு. அந்த மார்க்கை நம்பக் கூடாது.

சோதனை: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேர முதல் தாள், லேசான சாப்பாடு, மதியம் 2.30-க்கு சி-சாட், கூலர் இல்லாமல். மார்க் பத்துக்கு மேல் இறங்கினால் கோளாறு ஆங்கிலத்தில் இல்லை. இப்படி ஐந்து வாரம் செய்யுங்கள். தேர்வு நாளில் தயிர்சாதம் ஒரு சின்ன டப்பா, தண்ணீர், காலைத் தாளைப் பற்றிப் பேசும் நண்பனிடமிருந்து தள்ளி ஒரு நிழல்.

அடுத்து ஓ.எம்.ஆர். தாள், அதாவது விடைக்கான வட்டத்தை நிரப்பும் தாள். விடையெல்லாம் கடைசியில் சேர்த்து நிரப்புபவர்களுக்கு ஒரு வரிசை நழுவினால் எல்லாம் போயிற்று, கறுப்பு பால்பாயின்ட் பேனாவில் வைத்த புள்ளியை அழிக்கவும் முடியாது, ஒரு கேள்விக்கு இரண்டு வட்டத்தை நிரப்பினால் அதில் ஒன்று சரியாக இருந்தாலும் தப்பாகவே எடுத்துக்கொள்வார்கள், மைனஸும் உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் முடித்ததும் அந்தப் பக்கத்து விடைகளை மட்டும் நிரப்புங்கள், நிரப்பும்போது கேள்வி எண்ணை உதட்டுக்குள் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஓ.எம்.ஆர். மாதிரித் தாள் பத்து எடுத்து வைத்துக்கொண்டால் மாக் டெஸ்ட்டுக்கெல்லாம் ஆகும்.

முதலில் தோன்றிய சரியான விடையைக் கடைசி நொடியில் மாற்றுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஒரே விதி: விரல் வைக்கப் புதிய வரி கிடைத்தால் மாற்றுங்கள், மனசு உறுத்துகிறது என்பதற்காக மாற்றாதீர்கள்.

*எப்போது நிபுணர்:* தாள் கைக்கு வந்ததும் கை நடுங்குவது, எழுத்து கண்ணில் பட்டும் உள்ளே போகாமல் இருப்பது, தேர்வுக்கு வாரங்களுக்கு முன்பே தூக்கம் போவது, இவை மூன்று மாக் டெஸ்ட்டுக்கு மேல் தொடர்ந்தால் எந்த ஆங்கில ஆசிரியரும் உதவ முடியாது. மருத்துவரைப் பாருங்கள். வெளியே போய்ப் பேசத் தயக்கம் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசவும் வழி உண்டு. தனி அறையில் இந்தி தெரியாமல் தவிக்கும் பிள்ளைக்கு அம்மா மொழியில் பேச ஆள் இருப்பது பெரிய ஆறுதல், தயவுசெய்து அந்த எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 7: எல்லாம் செய்துவிட்டேன், இரண்டு மாதமாகியும் மார்க் நகரவில்லை

முதலில் நோட்டைத் திறந்து மூன்றாவது விஷயம் உண்மையிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'கவனக்குறைவு' என்று பத்து இடத்தில் எழுதியிருந்தால் நோட்டு எழுதப்படவே இல்லை என்றுதான் அர்த்தம். எந்தச் சொல்லில் கவனம் குறைந்தது என்று திரும்ப எழுதுங்கள், இரண்டு வாரம் பாருங்கள்.

அதற்கும் நகரவில்லையென்றால் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நேரம்தான். ஆனால் வீட்டிலிருந்து வரும் பணம் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் முழு ஆண்டு வகுப்பில் சேருவதற்கு முன் ஒரு டெமோ வகுப்பில் உட்காருங்கள். முடிந்ததும் உங்கள் நோட்டிலிருந்து மூன்று கேள்வியை ஆசிரியரிடம் கொடுத்து, நீங்கள் எடுத்த விடையையும் சொல்லுங்கள். சரியான விடையை மட்டும் விளக்கிவிட்டு அடுத்தவரைப் பார்த்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் விடையை எடுத்து, "இந்த இடத்துலதான் நீங்க போயிட்டீங்க" என்று ஒரு சொல்லின் மேல் விரல் வைத்தால் அன்றைக்கே சேர்ந்துவிடுங்கள்.